எந்தக் குழந்தைக்காக எழுதிய புத்தகம்?
2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையில் பயிலும் இளம் மருத்துவர் எந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார் என்பது இந்தக் கரைக்காரர்களின் கவலையும்தான். ஏவரி, க்ளோஹெர்ட்டி என்று பெயரைக் கேட்டாலே மரியாதை வரும் அமெரிக்க நூல்கள் ஒரு பக்கம். மெஹர்பன் சிங்கின் நூலும் டெல்லி எய்ம்ஸ் நெறிமுறைத் தொகுப்பும் மறுபக்கம். வார்டு மேசையில் பின்னவைதான் இருக்கவேண்டும் என்பேன், நாட்டுப்பற்றால் சொல்லவில்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதித்த குழந்தையின் உடலைக் குளிர்விப்பது மேலைநாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தது ஹெலிக்ஸ் ஆய்வு. 2021இல் வெளியான அதன் முடிவு: குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தனர், குளிர்விக்காதவர்களில் 31. ரத்தத் தொற்றிலும் இதே கதை. அமெரிக்க நூல் முதலில் சந்தேகிக்கச் சொல்வது பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை; டெல்லி மருத்துவமனைகளின் ஆய்வில் முன்னால் நின்றவை அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். முதல் மருந்தே மாறிப்போகிற வித்தியாசம் இது! நுரையீரல் முதிர்வது பாஸ்டனிலும் பாம்பனிலும் ஒரே மாதிரிதானே என்று கேட்கலாம். ஆமாம், அதைப் படிக்க ஏவரியை விட்டால் வழியில்லை. நூலகத்தில் அது கட்டாயம் இருக்கட்டும். இந்திய நூல் என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது, அதுவும் பழசாகும். ஆகவே நூல்பட்டியல் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம்மவர் எழுதியதே ஆனாலும், 2021க்கு முந்தைய பதிப்பை மட்டும் நம்பி வார்டை நடத்தாதீர்கள்.