காந்திகிராமத்துக்குக் கடன் வேண்டாம், நிதி கொடுங்க!



திண்டுக்கல் - மதுரை ரோட்டில், சின்னாளபட்டி பக்கத்தில் இருக்கும் காந்திகிராமம் நமக்குப் புதுசு இல்லை. 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். 1956-ல் கிராமிய நிறுவனம், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நடப்பது ஒன்றிய அரசின் யுஜிசி நிதியில்.

2022 நவம்பர் 11 அன்று பிரதமர் மோடி இங்கே பட்டமளிப்பு விழாவுக்கு வந்தார். காந்தியைப் பற்றிப் பேசினார். கைதட்டினோம். சரி, அறுபது வருசத்தைத் தாண்டிய வளாகத்தைப் புதுப்பிக்கக் காசு யார் தருவது?

இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரு சின்னக் கணக்கு போடுறேன், நீங்களே சரிபாருங்க.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். புது பிஎல்டிசி ஃபேன் 30 வாட். மிச்சம் 45 வாட். ஹாஸ்டலில் ஒரு ஃபேன் தினமும் 15 மணி நேரம், வருசத்துக்கு 250 நாள் ஓடுதுன்னு வச்சுக்குவோம். சுமார் 169 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய்னு போட்டால்கூட வருசம் 1,180 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன், மூணு வருசத்துக்குள்ள தன் விலையைத் தானே எடுத்துடும்.

"அதுக்கு எதுக்கு இவ்வளவு? மொட்டை மாடியில் சோலார் மாட்டினா போச்சு"ன்னு சிலர் கிளம்புவாங்க. சோலார் வேணும்தான். ஆனா ஓட்டைக் குடத்தை அடைக்காம பெரிய மோட்டார் வாங்குவோமா? முதலில் வீணாவதை நிறுத்தணும், அப்புறம் பேனல்.

இந்த மாதிரி வேலைக்கெல்லாம் ஒன்றிய அரசு காட்டும் வழி என்ன தெரியுமா? ஹெஃபா! 2017-ல் கனரா வங்கியோடு சேர்ந்து தொடங்கிய கடன் நிறுவனம். அசலை நிறுவனங்களே சொந்த வருமானத்தில் இருந்து அடைக்கணும் என்பதுதான் தொடங்கியபோது அதன் அடிப்படையா இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஏது சொந்த வருமானம்? பிள்ளைங்க கட்டுற ஃபீஸ்தானே!

"மிச்சமாகும் கரண்ட் காசில் கடனை அடைக்கலாமே?" ஃபேனுக்கு அது சரி. இத்துப்போன வயரிங்கை மாத்துறது, ஒழுகும் கூரையைச் சரிபண்றது, மாடிக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறது, இதெல்லாம் சீக்கிரம் காசைத் திருப்பித் தராது. ஆனா பிள்ளைங்க உயிருக்கும், சித்திரை வெயிலில் உட்கார்ந்து படிக்கிறதுக்கும் அதுதான் முக்கியம். கடன்னு வந்தால் முதலில் வெட்டு விழுவது அதில்தான். இல்லைன்னா ஃபீஸ் ஏறும். கிராமத்தில் இருந்து முதல் தலைமுறையா படிக்க வரும் பிள்ளை எங்கே போகும்?

சௌந்தரம் அம்மையார் 1962-ல் இதே திண்டுக்கல் எம்.பி. ஒன்றியக் கல்வித் துறையில் துணை அமைச்சராகவும் இருந்தவர். அவர் உட்கார்ந்த அதே துறையிடம் நாம கேட்பது தர்மம் இல்லை, நம்ம வரிப்பணம்.

நம்ம கோரிக்கை மூணுதான்:

1. வளாகம் முழுக்க மின் தணிக்கை. அறிக்கை மக்கள் பார்வைக்கு.
2. ஃபேன், விளக்கு, வயரிங், கூரை வேலைக்கு நேரடி மானியம். கடன் கூடாது.
3. மிச்சமாகும் பணம் ஹாஸ்டல் மாணவர்களுக்கே.

காந்தி படத்துக்கு மாலை போட்டது போதும். காந்திகிராமத்துக்கு நிதி கொடுங்க!

படிச்சாச்சா? பகிருங்க. அங்கே படிச்சவங்க உங்க அனுபவத்தைக் கமெண்டில் சொல்லுங்க.

#காந்திகிராமம் #கடன்வேண்டாம்_நிதிவேண்டும் #திண்டுக்கல்