சிறு புண்ணென்று ஏமாறலாமா?

தீச்சுட்ட புண்ணைக் கண்டால் எவரும் பதறுவர். மின்சாரம் சுட்ட புண்ணைக் கண்டு பதறுவோர் சிலரே. காரணம், அது பார்வைக்குச் சிறியது. அந்தச் சிறுமையில்தான் ஆபத்தே இருக்கிறது.

என் சித்தப்பா இத் திருவனந்தபுரத்தில் கட்டட வேலை செய்தவர். நெல்லைச் சீமையிலிருந்து என் தந்தையாரோடு பிழைக்க வந்தவர். மூன்றாண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் தூக்கிச் சென்ற அலுமினிய ஏணி, தெருவோர உயர் அழுத்தக் கம்பியில் பட்டுவிட்டது. உள்ளங்கையில் காசளவு கருகிய புண் ஒன்று, பாதத்தில் மற்றொன்று, அவ்வளவே. அருகிலிருந்த வைத்தியசாலையொன்றில் களிம்பு தடவிக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். “ஒன்றுமில்லையடா, பிழைத்துக்கொண்டேன்” என்று சிரித்தார். இரவெல்லாம் வலி. விடிந்தபோது கை கட்டைபோல் வீங்கி, விரல்கள் மரத்துக் கிடந்தன. பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். முழங்கைக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று.

அப்போது நான் இயற்பியல் பட்ட வகுப்பு மாணவன். மின்னோட்டத்தின் இருமடிக்கும், தடைக்கும், நேரத்துக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கும் என்னும் ஜூல் விதியை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். அந்த விதி என் சித்தப்பாவின் கைக்குள்ளும் செல்லும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை!

எலும்புக்கு மின்தடை மிகுதி. அது சூடேறும்போது, அதை ஒட்டிய ஆழ்ந்த தசை வெந்துபோகிறது. மேல்தோலோ பெரும்பாலும் நலமாகவே தெரிகிறது. வெந்த தசை வீங்கும்; அதைச் சுற்றிய உறை விரிந்துகொடாது. உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆகவே மருத்துவர் இரத்தக்குழாய் வழியே நீர்மம் மிகுதியாகச் செலுத்துகிறார். உறையை நீளக் கீறி அழுத்தத்தைத் தணிக்கிறார். செத்த தசையைப் பல தடவை அகற்றி, பின்னர்த் தோலும் தசையும் ஒட்டுகிறார். அந்தக் கீறலுக்குள்ள அவகாசம் சில மணி நேரமே. நாங்கள் ஓரிரவைக் களிம்பிலே கழித்தோம்.

“வேறு கை பொருத்தலாமே” என்பர் சிலர். உண்மைதான். இந்தியாவின் முதல் கைமாற்று 2015இல் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் நடந்தது. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இரு கைகளையும் பொருத்தியது. பெருமைப்படுவோம். ஆனால் அதற்கு இறந்தவர் ஒருவரின் கை வேண்டும். ஆயுள் முழுதும் மருந்து வேண்டும். எத்தனை ஏழைக்கு அது கிட்டும்? உரிய நேரத்தில் போனால் எல்லாக் கையும் தப்பும் என்று நான் சொல்லவில்லை. தப்பக்கூடிய கையையும் அறியாமையால் இழக்கலாமா என்றே கேட்கிறேன்.

நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது; நன்று. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சாலைக் கடைவீதிக்கும், நம்மவர் வேலை செய்யும் கட்டடங்களுக்கும் ஒதுக்கக் கூடாதா? தமிழிலே மூன்று செய்தி சொல்வோம். மின்கம்பி அருகே இரும்பு, அலுமினிய ஏணியும் தோட்டியும் வேண்டாம். விழுந்தவரை, மின்சாரம் நின்றதென்று உறுதியாகும்வரை தொட வேண்டாம். புண் எவ்வளவு சிறிதாயினும், அன்றைக்கே, அப்பொழுதே, அறுவை மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

விதியை ஒப்பித்தது போதும், தோழர்களே! அதை வீதிக்குக் கொண்டுசெல்வோம்.