‘அசல்’ என்று சொல்ல என்ன ஆதாரம்?

மாணவர்களே, இரண்டு கார்கள் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே நிறம். ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. மற்றொன்றில், விற்பனை முகவர் தம் பட்டறையில் பெரிய இயந்திரத்தைப் பொருத்தியிருக்கிறார். இரண்டுமே புதிய கார்களாகத்தான் விற்கப்பட்டன. ‘மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு மட்டும்’ என்று ஒரு பந்தயம் அறிவிக்கப்பட்டால், இரண்டாவது காரைச் சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. அந்தக் கார் வேகமானது என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. அதை எதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதற்கு விடை இல்லை. அதுதான் காரணம்.

இது கற்பனைக் கேள்வி அன்று. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உண்மையாகவே எழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கமாரோ போன்ற கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரத்தைப் பொருத்துவதில்லை என்று வைத்திருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் கார் விற்ற டான் யெங்கோ, 1967, 1968-ஆம் ஆண்டு கமாரோக்களில் இருந்த இயந்திரத்தைக் கழற்றிவிட்டு 427 கன அங்குல இயந்திரத்தைப் பொருத்தி விற்றார். 427 கன அங்குலம் என்றால் ஏறக்குறைய 7 லிட்டர். நம் சாலைகளில் ஓடும் 1.5 லிட்டர் மைவியின் இயந்திரத்தைப் போல நான்கரை மடங்குக்கும் மேல்!

அங்கே கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் நேர்கோட்டில் ஓடும் ‘டிராக்’ பந்தயங்களைத் தேசிய ஹாட் ராட் சங்கம் நடத்துகிறது. குறைந்தது 50 கார்களாவது தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அன்று அது ஒரு விதி வைத்திருந்தது. இல்லினாய் மாநில முகவர் ஃபிரெட் கிப், அந்த விதியை மனத்தில் வைத்தே 1969-இல் அலுமினிய இயந்திரம் கொண்ட ‘இசட்.எல்.1’ கமாரோக்கள் ஐம்பதைத் தொழிற்சாலையிலேயே செய்யச் சொல்லி வாங்கினார். மொத்தம் 69 தயாராயின. விலை மிக அதிகம் என்பதால் பலவற்றை விற்க முடியாமல் நிறுவனத்திடமே திருப்பி அனுப்பினார். அந்தக் கார்கள் இன்று ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன.

“வாங்கியவர் ஒரு திருகைக்கூடத் தொடவில்லையே, முகவர் மாற்றினால் என்ன, தொழிற்சாலை மாற்றினால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பட்டறையில் செய்த கார் அன்றைக்கு அந்தத் தொழிலாளி செய்தபடி இருக்கும். அடுத்த கார் சற்று மாறலாம். தொழிற்சாலையில் ஒரே வரைபடம், ஒரே உறுப்பு எண், ஒரே பதிவேடு. ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் எடுத்துப் பார்த்து, “இதுதான் அது” என்று சொல்ல முடியும். அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் கட்டுப்படுத்தப்பட்ட மாறியை நினைத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றாமல் வைத்தோம் என்று காட்ட முடியாவிட்டால், சோதனையின் முடிவுக்கு மதிப்பில்லை.

இதில் எவ்வளவு வேறுபாடு வந்துவிடப் போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறன் என்பது இயந்திரம் ஒரு வினாடியில் கொடுக்கும் சக்தி. அது முழுவதும் காரின் இயக்கச் சக்தியாக மாறுகிறது என்று கொண்டால், நின்ற நிலையிலிருந்து குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எட்டின் கனமூலம் இரண்டு. ஆகவே நேரத்தைப் பாதியாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும்.

அப்படியானால் சிறிய பொய் பெரிதாக உதவாது என்று எண்ணிவிடாதீர்கள். இசட்.எல்.1 இயந்திரத்தின் திறன் 430 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. உண்மையில் அது 500-ஐத் தாண்டியது. 500 என்றே வைத்துக்கொண்டாலும், 12 வினாடி ஓட்டத்தில் கிடைக்கும் லாபம் சுமார் 0.6 வினாடி. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைக் கடக்கும் கார் அந்த நேரத்தில் 30 மீட்டர் போய்விடும். அதாவது, ஆறு கார்களின் நீளம்!

எனவே எண்ணிக்கை விதி மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் பணம் உள்ள முகவர் ஐம்பது கார்களை வாங்கிவிடலாம். நிறுவனம் திறனைக் குறைத்துச் சொல்லலாம். அதனால்தான் அந்தச் சங்கம் எடையையும் திறனையும் வைத்துக் கார்களைப் பிரிவுகளாகப் பிரிப்பதோடு நிற்பதில்லை. ஓட்ட நேரங்களைப் பார்த்து, நிறுவனம் சொன்ன குதிரைத்திறனையே திருத்துகிறது. பதிவேடு ஒரு கண், அளவீடு மறு கண்.

நம் நாட்டு எடுத்துக்காட்டும் உண்டு. 2002-இல் கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டியது ‘புரோட்டான் பெர்ட்’. பெட்ரோனாஸ், இயோன் பந்தயக் குழு என்பதன் சுருக்கமே பெர்ட். இயோன் என்பது புரோட்டான் கார்களை விற்ற நிறுவனம். அந்தக் காரின் தோற்றம் வீராவைப் போன்றது. உள்ளே இருந்ததோ மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் பொறியமைப்பு. அது ஒளித்துவைத்த ரகசியம் அன்று. அந்தப் பிரிவில் ஓடும் ஒவ்வொரு வகைக் காருக்கும் அங்கீகாரப் பத்திரம் உண்டு. பரிசோதகர் ஒரு கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு, காரின் உறுப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாற்றம் குற்றம் அன்று, மறைப்பதே குற்றம்.

இனி, பினாங்குக்கு வருவோம். துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையில் இரவு நேரத்தில் நடக்கும் சட்டவிரோதப் பந்தயங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிய காப்சாய் மோட்டார் சைக்கிள், வெளியே பார்த்தால் அண்டை வீட்டு அண்ணன் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டியைப் போலவே இருக்கும். இயந்திரம் மாறியது, பிரேக்கும் டயரும் சட்டகமும் மாறவில்லை. வேகம் இரு மடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். அதை அடக்கும் வேலை அந்தப் பழைய பிரேக்கின் தலையில் விழுகிறது. இயந்திரத்தை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் சோதனையும் வேண்டும் என்ற விதியை வெறும் காகித வேலை என்று சிலர் கேலி செய்கிறார்கள். என்னைக் கேட்டால், பெர்ட் காரைச் சோதித்த அதே அறிவியல்தான் அந்த விதியிலும் இருக்கிறது.

இயந்திரங்களில் ஆர்வம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டாம். பள்ளியில் பலூன் கார், ரப்பர் பட்டைக் கார் செய்து போட்டி வைப்பீர்கள் அல்லவா? அடுத்த முறை ஓடவிடும் முன்பு ஒரு தாளில் எடை, சக்கரத்தின் அளவு, செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதி, எதிரணியிடம் கொடுங்கள். அவர்களுடைய தாளையும் கேட்டு வாங்குங்கள். யார் வென்றார் என்பதோடு, ஏன் வென்றார் என்பதும் அப்போது தெரியும்.