ஹைசுங்குக்குள்ள காத்து: ரீஸ்டார்ட் பண்ணினாப் போதாது

இந்தக் கிழமை எபிசோடில மெமரி லீக் பற்றிக் கதைச்சம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா விழுகிற சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிப்போட்டு நித்திரைக்குப் போறவன் எஞ்சினியரே இல்லை எண்டு நான் மைக்கில பெருசாச் சொன்னேன். சொல்லிப்போட்டு வீட்டை போனா, அப்பா கையில சின்னத் திறப்போட ரேடியேற்றருக்குப் பக்கத்தில குந்திக்கொண்டிருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் இருக்கிறது கொலோன் கால்க் பகுதியில, பழைய வாடகை வீடு. சமையலறைச் சுவரில மாட்டியிருக்கிற காஸ்தெர்மெதான் முழு வீட்டையும் சூடாக்கும். மூன்று குளிர்காலமாக ஒரே கதை. ரேடியேற்றர் கீழே சுடும், மேலே சில்லெண்டு இருக்கும், இரவில தண்ணி கொப்பளிக்கிற சத்தம். அப்பா காத்தைத் திறந்து விடுவார், அழுத்தம் குறையும், ஹோஸைப் பூட்டித் தண்ணி விடுவார். பத்து நாளில திரும்பவும் காத்து.

வருசத்துக்கு ஒருக்காக் காத்து வாறது வழமை. திரும்பத் திரும்ப வந்தால் எங்கேயோ பழுது இருக்கு. அதைவிட மோசம், அப்பா புதுசா விடுகிற தண்ணிதான் அடுத்த காத்தைக் கொண்டுவருது. குழாய்த் தண்ணியில ஒட்சிசனும் நைதரசனும் கரைஞ்சிருக்கும். ஒட்சிசன் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நைதரசன் சூட்டில பிரிஞ்சு ரேடியேற்றரின்ர மேல் மூலையில போய்க் குந்தும். (உள்ளே இரும்பு அரிக்கும்போது ஐதரசனும் உண்டாகலாம். வாற காத்துக்கு லைற்றர் பிடிச்சு விளையாடாதைங்கோ.)

அப்ப பழைய தண்ணி எங்க போகுது? இதுக்கு லொக் வேணும். காஸ்தெர்மெயில இருக்கிற அழுத்தமானியை ஒரு கிழமை படம் எடுத்தேன். காலையில ஆறியிருக்கேக்க 1.2 பார். நல்லாச் சூடேறினதும் 2.9. விடை அந்த இடைவெளியிலதான் இருந்தது. 20 பாகையிலிருந்து 70 பாகைக்குச் சூடாகும் தண்ணி சுமார் 2 சதவீதம் விரியும். 100 லீற்றர் எண்டால் 2 லீற்றர். அதை ஏற்கத்தான் உள்ளே ஒரு விரிவுக்கலன் இருக்கு: நடுவில ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் வாயு, மற்றப் பக்கம் தண்ணி. சவ்வு கிழிஞ்சால் தண்ணிக்கு விரிய இடமில்லை. 3 பாரில பாதுகாப்பு வால்வு திறந்து வெளியில விட்டுடும். ஆறினதும் அழுத்தம் விழும். அப்பா ஹோஸை எடுப்பார்.

திருத்த வந்தவர் முதல் ரெண்டு தரமும் காத்தை மட்டும் எடுத்துப்போட்டுப் போனவர். மூன்றாந்தரம் படங்களைக் காட்டினேன். கலனின்ர வாயு வால்வை அமத்தினார், தண்ணி பீய்ச்சியடிச்சுது. கலனை மாத்தினாப் பிறகு 1.4 இலிருந்து 1.7 வரைக்கும்தான் போகுது.

எனக்குக் கோவம் கலனில இல்லை. மூன்று வருசம் ஒரு கடிதம்கூடப் போடேல்லை. "ஏன் வீட்டுக்காரரோட கொழுவுவான், எழுப்பிப்போடுவாங்கள்" எண்டார் அப்பா. அகதியா வந்து ஒவ்வொரு பேப்பருக்கும் வரிசையில நிண்டவருக்கு அந்தப் பயம் வராமல் என்ன செய்யும். ஆனால் ஜெர்மன் சிவில் சட்டத்தின் 535ஆம் பிரிவுப்படி வீட்டைப் பாவிக்கக்கூடிய நிலையில வைச்சிருக்க வேண்டியது வீட்டுச் சொந்தக்காரர். 536சி பிரிவு இன்னும் சுவாரசியம்: பழுதைத் தாமதமில்லாமல் அறிவிக்க வேண்டியது வாடகைக்காரரின் கடமை. அறிவிக்காமல் விட்டு அதால சேதம் வந்தால் அவரே பொறுப்பு. அப்பா பாதுகாப்பு எண்டு நினைச்ச மௌனம்தான் அவருக்கு ஆபத்தா இருந்திருக்கு.

அதால இந்தச் சனி ஞாயிறு அம்மா அப்பா வீட்டை போனால் அழுத்தமானியை ஆறினபிறகு ஒருக்கா, சூட்டில ஒருக்காப் படம் எடுங்கோ. கடிதத்தை நீங்கள் டொய்ச்சில எழுதுங்கோ, கையெழுத்தை அவை வைக்கட்டும். வாடகையை நீங்களாக் குறைச்சுக் கட்டாதைங்கோ, அதுக்கு முதல் மீற்றர்ஃபெராயின் கொலோனில கேளுங்கோ, அங்கத்தவர்களுக்குச் சட்ட ஆலோசனை குடுப்பினம்.

அப்பா அந்தச் சின்னத் திறப்பை இன்னும் வீட்டுத் திறப்போட சேர்த்துக் கொழுவித்தான் வைச்சிருக்கிறார்.