டிஷ் திருப்புறதும் படிப்புதான்



கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரை வாசித்துவிட்டு, திட்டுவதென்றால் திட்டுங்கள்.

போன கிழமை பாடசாலை மைதானத்தில் தரம் 10 பிள்ளைகளோடு ஒரு பழைய டிஷ்ஷை நிறுத்தி சிக்னல் பிடித்துப் பார்த்தோம். யாரோ அதைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுமத்தில் போட்டுவிட்டார்கள். கீழே ஒரு பெற்றோர் வொய்ஸ் போட்டிருந்தார்: "ஸேர், எங்கட புள்ளயள டொக்டராக்கத்தான் ஸ்கூலுக்கு அனுப்புற. டிஷ் கட்டுறவனாக்க இல்ல." அதற்குப் பன்னிரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்போக வெட்டு நேரம். எங்கட மாமா யானைக் காவலுக்காக வட்டையில் வாடி போட்டு இருந்தார். ஒரு பற்றரி, ஒரு சின்ன டிவி, டயருக்குள் கொங்கிரீட் ஊற்றி பைப் நட்ட ஒரு டிஷ். இரவில் அவருக்குத் துணை அதுதான். வீட்டிலிருந்து வாடிக்கு டிஷ்ஷைக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் டவுனிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு 2,500 ரூபா கொடுப்பார். ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் சிக்னல் இல்லை. கோல் எடுத்தால் அந்த ஆள் சொல்கிறார்: "செய்மதி இடம் மாறியிருக்கு காக்கா. செற்றிங் எல்லாம் மாத்தணும். ஐயாயிரம் வரும்."

மாமா என்னைப் பார்த்தார். "மகன், நீ சயன்ஸ் ஸேர்தானே. இத ஒருக்காப் பாரன்."

எனக்குத் தெரியவில்லை. கல்வியியற் கல்லூரியில் படித்தவன் நான். புவிநிலை செய்மதி மத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகிறது, அதனால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது என்று எத்தனை வகுப்புக்கு நோட்ஸ் சொல்லியிருப்பேன்! ஆனால் அந்த டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டபோது ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆள் வந்தார், பைப்பை நிமிர்த்தினார், டிஷ்ஷை நாலு விரல் அளவுக்குத் திருப்பினார், நட்டை இறுக்கினார், ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு போனார். செய்மதி இடம் மாறவே இல்லை. இரவு மாடு இடித்து டிஷ்தான் மாறியிருந்தது. கூலிக்குப் போனது 2,500. மிச்சம் 2,500 எனக்குத் தெரியாமல் இருந்ததற்காகப் போனது.

தப்பாக நினைக்க வேண்டாம். டிஷ் கட்டும் பொடியன்மாரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிறகு எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தந்ததே அவர்களில் ஒருவர்தான். நியாயமாக உழைக்கிறவர்களே அதிகம். எனக்குக் கோபம் என்மேல், பிறகு நம்ம படிப்பிக்கும் முறைமேல்.

இனி அந்த வேலைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு சொல்லுங்கள் இது படிப்பா இல்லையா என்று.

நம்ம ஊர்ப் பக்கம் கூடுதலான வீட்டுக் கூரைகளில் மேற்கே பார்த்து நிற்கும் டிஷ்ஷுக்குச் சிக்னல் வருவது கிழக்கு நெடுங்கோடு 45 பாகைக்கு நேர் மேலே நிற்கும் செய்மதியிலிருந்து. சோமாலியாக் கரைக்குக் கிழக்கே, கடலுக்கு மேலே. கல்முனை இருப்பது அகலக்கோடு 7.4, நெடுங்கோடு 81.8. இந்த இலக்கங்களையும் திரிகோண கணிதத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் வருவது இரண்டே விடைகள். திசை: வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 260 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து 10 பாகை தெற்குப் பக்கம். உயரம்: அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 46 பாகை.

திசைகாட்டி இல்லையா? உங்கள் பள்ளிவாசலில் கிப்லா சரியாக அளந்து வைத்ததென்றால் அது போதும். கல்முனையிலிருந்து கிப்லா ஏறத்தாழ 294 பாகை. கிப்லாவை முன்னோக்கி நின்று இடப்பக்கம் 34 பாகை திரும்புங்கள். கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. மூன்றரை முஷ்டி. அவ்வளவுதான். வகுப்பில் இதைச் சொன்ன அன்று, ஒரு நாளும் கேள்வி கேட்காத பிள்ளைகள் கூட எழும்பி நின்று முஷ்டி பிடித்து அளந்தார்கள்.

தென்னை மறைக்குமா? உயரம் 46 பாகை என்றால் 45 பாகை முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையில் நிற்கும் மரம், டிஷ்ஷுக்கு மேலே எத்தனை மீற்றர் உயரமோ அதைவிடக் கூடிய தூரத்தில் டிஷ் இருக்க வேண்டும். இதுதான் நாம் கரும்பலகையில் சொல்லிக்கொடுக்கும் தான்சன்.

அடுத்தது பலர் ஏமாறும் இடம். அந்த டிஷ்ஷைப் பார்த்தால் நேரே பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்ப்பது போல நிற்கும். 46 பாகை உயரத்தைப் பார்க்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே ஒதுங்கி இருக்கும் வகை அது. அதனால் ஏறத்தாழ 25 பாகை வித்தியாசம் வரும். டிஷ்ஷின் முகம் நிமிர்ந்த நிலையிலிருந்து 21, 22 பாகைதான் பின்னால் சாய்ந்திருக்கும். ஒரு பாகைமானி, ஒரு நூல், ஒரு நட் இருந்தால் அதை அளந்துவிடலாம்.

பிறகு எல்.என்.பி.யைத் திருகுவது. மத்திய கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தத் திருகல் மிகவும் கூட. அதை நேரே வைத்துவிட்டு மணிக்கணக்கில் டிஷ்ஷைத் திருப்பிக் கொண்டிருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாகப் பொறுமை. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷில் ஒரு பாகை என்பது விளிம்பில் 5 மில்லிமீற்றர் அசைவு. அந்த ஒரு பாகை மேலே செய்மதி இருக்கும் தூரத்தில் 600 கிலோமீற்றருக்கு மேல். இரண்டு பாகை விலகினாலே படம் போய்விடும். ஆகவே ஒரு பொட்டு அசை, சில செக்கன் பொறு, திரையைப் பார், மறுபடி அசை. பார்க்க வேண்டியது குவாலிட்டிக் கோட்டை. ஸ்ட்ரெந்த் கோடு டிஷ் எங்கே பார்த்தாலும் ஓரளவு நிற்கும், அது ஆளை ஏமாற்றும். பிடித்த பிறகு நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இறுக்கினால் பிடித்ததும் போய்விடும்.

இப்போது மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நன்றாகப் படிக்கும் நாலு பேர் கணக்கை ஒரு பிழையில்லாமல் செய்தார்கள். 260, 46 என்று வைத்தார்கள். நாற்பது நிமிடம். ஒரு சொட்டு சிக்னல் இல்லை. அப்போது பின்னால் நின்ற ஒரு பொடியன், வாப்பா மேசன் வேலை, கணிதத்தில் 35 புள்ளி தாண்டாதவன், வந்து பைப்பைப் பார்த்தான். "ஸேர், இது சரிஞ்சி நிக்கிது." நூலில் ஒரு கல்லைக் கட்டித் தூக்குக் குண்டாகத் தொங்கவிட்டான், அடியில் ஓட்டுத் துண்டு வைத்து பைப்பை நிமிர்த்தினான். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் சிக்னல் வந்துவிட்டது. பைப் செங்குத்தாக இல்லாவிட்டால் நாம் வைக்கும் எந்தப் பாகையும் பொய்தான். கணக்கு அந்த நாலு பேரிடம் இருந்தது. கணக்கு நிற்கவேண்டிய நிலம் அவனிடம் இருந்தது. அன்றுதான் முதல் தடவையாக அந்த வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது.

"டிஷ் கட்டுறவனாக்க இல்ல" என்று வொய்ஸ் போட்டவரே, நீங்கள் அந்தப் பொடியனைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். அவனும் அந்தக் குழுமத்தில் இருக்கும் ஒரு வாப்பாவின் பிள்ளைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசக்கும். இப்னு அல்-ஹைதத்தின் படத்தைப் போட்டு "ஒளியியலின் தந்தை முஸ்லிம்" என்று நாம் எத்தனை தரம் பகிர்ந்திருப்போம்! அவர் பரவளைவுக் கண்ணாடிகள் ஒளியை ஒரு புள்ளியில் குவிப்பதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியவர். நம்ம கூரையில் துருப்பிடித்து நிற்கும் டிஷ் செய்வதும் அதே வேலையைத்தான், ஒளிக்குப் பதிலாக வானொலி அலையை. அல்-பிரூனி ஊர்களின் அகலக்கோடு நெடுங்கோடுகளை அளந்து கிப்லாவைக் கணக்கிட்டவர். டிஷ்ஷுக்கு நாம் போட்ட கணக்கும் அந்தக் குடும்பத்துக் கணக்குத்தான். அவர்கள் கையாலும் வேலை செய்தார்கள், கருவி வைத்து அளந்தார்கள். அவர்களின் பெயருக்கு லைக் போடுகிறோம், அவர்கள் செய்த வேலையைச் செய்யும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம். இது என்ன பெருமை?

முன்னோரை விடுங்கள். புவிநிலை செய்மதிகளால் உலகத்துக்கே தொடர்பு கொடுக்கலாம் என்று 1945இல் கட்டுரை எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956இலிருந்து 2008இல் இறக்கும் வரை வாழ்ந்தது இந்த நாட்டில். திருகோணமலைக் கடலில் சுழியோடியவர். அவர் எழுதிய விஷயத்தை அந்தக் கடலுக்குத் தெற்கே இருக்கும் நம்ம பிள்ளைகள் ஒரு வரி நோட்ஸாக மனனம் செய்கிறார்கள்.

சிலர் நல்ல மனதோடு கேட்டார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"பிள்ளைகளுக்கு டிவியைப் பழக்குறீங்களா?" இல்லை. இரண்டு நாளும் ஒரு நிகழ்ச்சியும் ஓடவில்லை. திரையில் இருந்தது சிக்னல் கோடு மட்டும். உங்கள் வீட்டில் பிள்ளை கையில் இரவு பன்னிரண்டு மணிக்கு இருக்கும் போனைப் பற்றியும் இதே அக்கறையோடு கேளுங்கள்.

"ஓ.எல். வருது, நேரம் எங்க இருக்கு?" திரிகோண கணிதம், திசைகோள், பரவளைவு, அலைகள், அகலக்கோடு நெடுங்கோடு. எல்லாம் பாடத்திட்டத்தில் இருப்பவை. டியூஷனில் மூன்று மாதம் மனனம் செய்வதை இரண்டு பின்னேரத்தில் கையால் தொட்டார்கள்.

"இப்ப யாரு டிஷ் பாக்குற? எல்லாம் யூடியூப்தானே." மழையும் வெள்ளமும் வந்து கரண்ட் போய், டவரின் பற்றரியும் இறங்கிய இரவை மறந்துவிட்டீர்களா? கையில் போன் இருந்தும் செய்தி இல்லாமல் இருந்தோம். ஒரு பற்றரியும் டிஷ்ஷும் அதைத் திருப்பத் தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்தால், மழை கொஞ்சம் விடும் நேரத்திலாவது அனர்த்தச் செய்தி கேட்கலாம். கடும் மழைக்குள் சிக்னல் அறுபடும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆபத்து இல்லையா?" கூரையில் ஏறினால் ஆபத்துதான். அதனால்தான் மைதானத்தில், தரையில் வைத்தோம். மின்கம்பிக்குக் கிட்ட போகவில்லை. கேபிளைப் பூட்டவும் கழற்றவும் முன்னால் பொக்ஸை நிறுத்தினோம், ஏனென்றால் அந்தக் கேபிளிலும் 13 அல்லது 18 வோல்ற்று எல்.என்.பி.க்குப் போகிறது. இதையெல்லாம் படிப்பிக்காமல் விட்டால் பிள்ளை ஒருநாள் தனியாகக் கூரையில் ஏறும். எது ஆபத்து?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கிழமைக்கு ஒரு பின்னேரம் தரட்டும். வீட்டு மூலையில் பாவிக்காத டிஷ், பைப், கேபிள் துண்டு கிடந்தால் இரும்புக்காரனுக்குக் கொடுக்காமல் பாடசாலைக்குத் தாருங்கள். டிஷ் கட்டும் தம்பிமார் யாராவது வந்து ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவரை வகுப்புக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தி "ஸேர்" என்று கூப்பிடச் சொல்வேன்.

உங்கள் பிள்ளை டொக்டராகட்டும், இன்ஷா அல்லாஹ், நானும் துஆச் செய்கிறேன். ஆனால் வட்டையில் மாமா ஸ்பானரை நீட்டும்போது, நான் நின்றது போல அது நிற்கக் கூடாது.

மார்ச் நடுப்பகுதியில் சில நாட்கள் பின்னேரம் மூன்று மணியளவில் சூரியன் அந்தச் செய்மதிக்கு நேர் பின்னால் வரும். சில நிமிடம் படம் அறுபடும். அந்த நேரம் பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிவந்து, சூரியனை நேரே பார்க்க விடாமல், எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷில் எங்கே விழுகிறது என்று காட்டுங்கள். "அந்தத் திசையிலதான் செய்மதி நிக்கிது" என்று சொல்லுங்கள். அதற்கு ஸேர் தேவையில்லை. வாப்பா போதும், உம்மா போதும்.

வஸ்ஸலாம்.