தொடை இடுக்குப் படை: கண்ட களிம்பு வேண்டாம்

நடவிலும் களையெடுப்பிலும் பகல் முழுவதும் ஈரத்தில் நிற்பவர்களுக்குத் தொடை இடுக்கில் அரிப்பு வருவது சகஜம். மாட்டுக்குக் கழுத்துப் புண் என்றால் அன்றே மருத்துவரைத் தேடுகிறோம். நமக்கு இந்த இடத்தில் வந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. மருந்துக் கடையில் தணிந்த குரலில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" கேட்டு வாங்கி வருகிறோம். வியாதியைவிட இந்தப் பழக்கமே அதிகக் கெடுதல் என்பது என் கருத்து.

அப்படி வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவிய இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பூஞ்சாணம் சாகாது. குலைநோய் கண்ட நெல்லுக்கு யூரியா போட்டுப் பச்சை கட்ட வைப்பது போலத்தான் இது. ட்யூப் தீர்ந்ததும் படை முன்னைவிட அகலமாகப் படரும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும், அது மறைவதில்லை. பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

எல்லா அரிப்பும் படை அல்ல. ஓரம் சிவந்து தடித்து, நடு சற்றுத் தெளிந்து, வளையமாகப் பரவினால் பெரும்பாலும் பூஞ்சாணப் படை. இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கிலும் பொரிகள் இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் கண்டால் சிரங்காக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. வெறும் உரசல் என்றால் ஈரம் போனாலே ஆறும்.

மருந்து தெளித்த அன்று எரிச்சல் கண்டால் தெளிப்பானைப் பாருங்கள். கசிவு முதுகு வழியே இறங்கி அரைத்துணியை நனைத்திருக்கும். பூச்சிமருந்தை உடம்பிலேயே மிக அதிகமாக உறிஞ்சுவது விரைப்பைத் தோல்தான். உடனே துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டக் கட்டணம் இல்லை. ஸ்டீராய்டு சேராத பூஞ்சாணக் களிம்பாகக் கேளுங்கள். படையின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரற்கடை தடவ வேண்டும். படை மறைந்த பின்னும் இரண்டு வாரம் விடக் கூடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கால் சேற்றுப்புண்ணிலிருந்தும் இது மேலே ஏறும். ஆகவே அதற்கும் சேர்த்து மருந்து போடுங்கள். வயலை விட்டு ஏறியதும் குளித்து, நன்றாகத் துவட்டி, உலர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். ஆளுக்கொரு துண்டு வேண்டும். உள்ளாடையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். கதவுக்குப் பின்னால் ஒளித்துக் காயப் போடுவது ஆகாது. அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரைக்கு ரத்தம் பார்ப்பது அவசியம்.

நனைந்த பாவாடையோடு நேரே அடுப்படிக்குப் போகும் பெண்களுக்கும் இவ்வளவும் பொருந்தும். பெண் மருத்துவர் வரும் நாளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.