ஒரு தந்தி, இரு நாதம்

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தொப்பியில் எழும் கும்காரம் ஒருவகை. வலந்தலையிற் பிறக்கும் கணீரென்ற சொற்கள் வேறொரு வகை. கச்சேரி மேடைகளில் முகத்துக்கு ஒன்றாக இரண்டு மைக் வைப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பார்வைக்கு ஒரே முகம் கொண்ட பேஸ் கிற்றாரையும் அவ்வாறே இரண்டாகப் பிரித்து, இரண்டு அம்பிளிபயர்களுக்கு அனுப்பலாம் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். வீட்டிலே வாலிபப் பிள்ளை வந்து நின்று, "அம்மா, இன்னுமொரு அம்பிளிபயர் வேண்டும்" என்று கேட்டால், அது வீண் ஆசையா, விஷயமுள்ள வேண்டுகோளா என்று எவ்வாறு தீர்மானிப்பது?

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். பேஸ் கிற்றாரின் தந்திகளுக்குக் கீழே 'பிக்கப்' எனப்படும் காந்தச் சுருள்கள் உள்ளன. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றப்பட்டிருக்கும். உருக்குத் தந்தி அதிர்ந்ததும், 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்த நியதிப்படி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பல பேஸ் கிற்றார்களில் இத்தகைய பிக்கப்புகள் இரண்டு. கழுத்துப் பக்கம் உள்ளது, தந்தி அகலமாக அசையும் இடத்தில் இருப்பதால் ஆழ்ந்த, உருண்டையான நாதத்தைத் தரும். மற்றையது குதிரைக்கு அருகே இருக்கும். (வீணையிலே குதிரை என்கிறோமே, அதே உறுப்புத்தான்.) அவ்விடத்தில் தந்தியின் அசைவு குறுகியது, அதனால் அடிப்படைச் சுரம் மெலிந்து, அதன்மேல் எழும் நுண்சுரங்கள் முனைப்பாகக் கேட்கும். நாலு தந்தி வாத்தியத்தின் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. கூடவே 82, 123 என்ற மடங்குகளும் ஒலிக்கின்றன. இந்தக் கலவையைக் கழுத்துச் சுருள் ஒரு விதமாகவும் குதிரைச் சுருள் வேறு விதமாகவும் கேட்கின்றன.

வழக்கமாக இரண்டும் வாத்தியத்தின் உள்ளேயே கலந்து, ஒரே வயரில் வெளிவரும். சாதாரண வாசிப்புக்கு அது போதும். வில்லங்கம், ஒலியைக் கரகரப்பாக்கும் கருவியை இடையிற் சேர்க்கும்போதுதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அதனை 'ஃபஸ்' என்பார்கள். தெருவில் ஓடும் பஸ்ஸுக்கும் இதற்கும் இரைச்சலைத் தவிர வேறு சம்பந்தமில்லை. ஆழ்ந்த சுரங்கள் இக்கருவியூடாகச் சென்றால் அடித்தளம் கரைந்து, சேறு கலக்கியதுபோல் ஆகிவிடும். இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினாலோ சொல்லவே வேண்டாம். கழுத்துச் சுருளின் ஒலியைத் தூய்மையாக ஒரு பேஸ் அம்பிளிபயருக்கும், குதிரைச் சுருளின் ஒலியைக் கரகரப்பூட்டி இன்னொன்றுக்கும் அனுப்பினால், அடித்தளம் அசையாமல் நிற்க, மேலே எவ்வளவு உறுமலும் வைக்கலாம்.

அமெரிக்காவின் றிக்கன்பாக்கர் நிறுவனம் 1961 இல் வெளியிட்ட 4001 என்னும் ரகத்திற் பலவற்றில், 'றிக்-ஓ-சவுண்ட்' என்ற பெயரில் இதற்கென்றே தனி வாய் அமைந்திருந்தது. அதிற் செருகும் ஸ்டீரியோ பிளக்கில் மூன்று தொடுகைகள்: நுனிக்கு ஒரு சுருள், நடு வளையத்துக்கு மற்றச் சுருள், அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. இலண்டனில் 1968 இல் தோன்றிய 'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்குவயர் (2015 இல் மறைந்தார்) தமது றிக்கன்பாக்கரை இவ்வாறு பிரித்து, ஒன்றைப் பேஸ் அம்பிளிபயருக்கும் மற்றதைக் கிற்றார் அம்பிளிபயருக்கும் அனுப்பினார். 1971 இல் வெளிவந்த 'ஃபிரஜைல்' இசைத்தட்டைக் கேட்டவர்கள் அந்த உறுமலை மறக்கமாட்டார்கள். அமெரிக்கரான பில்லி ஷீஹன் இன்னும் துணிச்சல்காரர். ஒரே பிக்கப் கொண்ட ஃபெண்டர் பிறிசிஷன் பேஸில், கழுத்தருகே கிப்சன் வாத்தியமொன்றின் பிக்கப்பைப் பதித்து, இரண்டு வாய்களைத் தனித்தனியே அமைத்துக்கொண்டார்.

ஆரம்ப மாணவனுக்கு இது தேவையில்லை என்பதே எனது அபிப்பிராயம். ஆனால் ஒரு கிற்றார், ஒரு பேஸ், ஒரு டிரம் என்று மூவரே வாசிக்கும் சிறு குழுவில், கிற்றார்க்காரன் தனியாவர்த்தனத்துக்குப் போனதும் பின்னால் பெரும் வெற்றிடம் தோன்றும். அதனை நிரப்ப இம்முறை மிகவும் உபகாரமானது. செலவும் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆழ்ந்த ஒலிக்கு மட்டுமே பெரிய பேஸ் பெட்டி தேவை. மற்றதற்குச் சிறிய கிற்றார் அம்பிளிபயர் போதும். அதில் 'பேஸ்' குமிழைக் கீழே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிறிய ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்துபோகக்கூடும்.

நிற்க. பெற்றோர் கட்டாயம் அறியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு அம்பிளிபயர்களும் ஒரே வாத்தியத்தில் இணையும்போது, அவற்றின் ஏர்த் வயர்கள் ஒரு வளையமாகி 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கிளம்பும். நமது மின்சாரத்தின் 50 அதிர்வுதான் அப்படிக் கேட்கிறது. உடனே எவராவது ஒரு புத்திசாலி, பிளக்கினுள் ஏர்த் வயரை அறுத்துவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்பார். இரைச்சல் நிற்கும், ஆனால் அந்த அம்பிளிபயரில் ஒரு பழுது ஏற்படும் நாளில் 230 வோல்ட் மின்சாரம் அதன் உலோகச் சட்டத்துக்கும் அங்கிருந்து தந்திகளுக்கும் ஏறலாம். தந்தியைப் பிடித்த கையுடன் மைக்கில் உதடு வைப்பவனின் கதி என்னவாகும்? 1972 மே மாதத்தில், வேல்ஸ் தேசத்தின் ஸ்வான்சி நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிற்றார் வாசிப்பாளர் லெஸ் ஹார்வி, சரியாக ஏர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, மேடையிலே மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். ஆகவே ஏர்த் வயரைத் தொடவே கூடாது. இரண்டு அம்பிளிபயர்களையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து இயக்கிப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால், வாத்தியத்திலிருந்து ஓர் அம்பிளிபயருக்குச் செல்லும் ஒலி வயரில் சிறு டிரான்ஸ்போமர் பெட்டி ஒன்றை இணைத்தால் வளையம் அறுபடும், உயிரும் தப்பும். வீட்டு மின்பலகையில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அன்றே சோதித்துக்கொள்க.

இன்னொரு சிறு சோதனை. ஒரு அம்பிளிபயரில் மட்டும் தடித்த தந்தியை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கையில் மற்றதையும் திறக்கச் சொல்லுங்கள். ஒலி பருக்க வேண்டும். மாறாக மெலிந்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது என்று பொருள்; ஒரு சுருளின் இரண்டு வயர்களை மாற்றி ஒட்டவேண்டும். பற்றாசு வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் சொற்ப நேரத்து அலுவல். அம்பிளிபயர்களை அருகருகே வைப்பதும் நல்லது. அந்தத் தந்தியின் ஒலியலை காற்றில் எட்டு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. ஒரு பெட்டி மற்றதிலும் பார்க்க நாலு மீற்றர் பின்தள்ளி நின்றால், முன்னே இருப்பவர்களுக்கு ஆழ்ந்த சுரம் ஏறக்குறைய மறைந்துபோகும். நமது வீட்டு விறாந்தைகளில் அவ்வளவு தள்ளி வைக்க இடமிராது என்பது வேறு விஷயம்.